பிரித்துப் பார்த்துப் படித்தவர்
ஜி.டி.நாயுடுவின் வாழ்க்கைக் கதை

கோவைக்கு அருகே கலங்கல் என்று ஒரு கிராமம் இருக்கிறது. அந்தப் பக்கத்து மண் பாதையில் ஒரு நாள் ஒரு வெள்ளைக்கார அதிகாரி வந்தார். அவர் குதிரையில் வரவில்லை. மாட்டு வண்டியிலும் வரவில்லை. அவர் ஏறி வந்த வண்டி தானாகவே ஓடியது!

அதுதான் மோட்டார் சைக்கிள். 1912-ம் ஆண்டை ஒட்டிய காலம் அது. கோவையிலேயே மோட்டார் வண்டிகளை விரல் விட்டு எண்ணி விடலாம். கிராமத்தில் அதைப் பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். பிறகு அவரவர் வேலைக்குப் போய் விட்டார்கள்.

ஒரே ஒரு வாலிபர் மட்டும் போகவில்லை. மாடும் குதிரையும் இல்லாமல் இது எப்படி ஓடுகிறது? உள்ளே என்ன இருக்கிறது? இந்தக் கேள்வி அவரைப் பிடித்துக் கொண்டது. சாகும்வரை விடவில்லை.

அவர்தான் ஜி.டி.நாயுடு.

கசந்த பள்ளிக்கூடம்

கோபால்சாமி துரைசாமி நாயுடு என்பது அவருடைய முழுப்பெயர். 1893-ம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி பிறந்தார். தந்தை விவசாயி. தாயாரைச் சிறு வயதிலேயே பறிகொடுத்தார்.

பள்ளிக்கூடம் அவருக்கு வேப்பங்காயாகக் கசந்தது. வாத்தியார் மீது மண்ணை வாரி வீசிவிட்டு ஓடி வந்து விட்டார் என்று கோவைப் பக்கத்தில் இன்றும் சிரித்துக் கொண்டே சொல்லுவார்கள். மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தது.

பள்ளிப் படிப்புதான் முடிந்தது. வாசிப்பு முடியவில்லை. தோட்டத்து வேலைகளைப் பார்த்துக் கொண்டே, கிடைத்த தமிழ்ப் புத்தகங்களைத் தாமாகவே படித்தார்.

இந்த நிலையில்தான் அந்த மோட்டார் சைக்கிள் வந்தது. அதில் வந்த அதிகாரியின் பெயர் லங்காஷயர். வண்டி இங்கிலாந்தில் செய்யப்பட்ட ரட்ஜ் மோட்டார் சைக்கிள்.

20 சவரன் விலை

துரைசாமி ஊரை விட்டுக் கோவைக்குப் போனார். ஓட்டல் ஒன்றில் சர்வர் வேலையில் சேர்ந்தார். இலை போட்டார்; பலகாரம் பரிமாறினார்; காசு சேர்த்தார். வேறு ஆசை எதுவும் இல்லை. அந்த மோட்டார் சைக்கிளை வாங்க வேண்டும். அவ்வளவுதான்.

மூன்று ஆண்டுகள் இப்படிப் போயின. கடைசியில் அதே அதிகாரியிடம் சென்று, அதே வண்டியை வாங்கி விட்டார். விலை 300 ரூபாய் என்பார்கள்.

300 ரூபாய் இன்று ஒரு வேளை ஓட்டல் சாப்பாட்டுக்குச் சரியாகப் போகும். அன்று அப்படி அல்ல. அப்போது ஒரு சவரன் தங்கக் காசின் மதிப்பு 15 ரூபாய். அந்தக் கணக்கில் 300 ரூபாய் என்பது 20 சவரன்! ஓட்டல் சர்வர் ஒருவர் 20 சவரனைக் கொண்டு போய் ஒரு பழைய வண்டியில் போட்டார் என்றால், உற்றாரும் உறவினரும் அவரைப் பற்றி என்ன நினைத்திருப்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டியது இல்லை.

வாங்கியவர் அதில் ஏறி ஊர் சுற்றினாரா? இல்லை. முதல் வேலையாக வண்டியைப் பிரித்துப் போட்டார். ஒவ்வொரு பாகமாகக் கழற்றினார். எது எங்கே இருந்தது, எதற்காக இருந்தது என்று பார்த்தார். பிறகு மீண்டும் பூட்டினார்.

மூன்றாம் வகுப்போடு நின்ற படிப்பு அன்று மறுபடியும் தொடங்கியது. பாடப் புத்தகம், அந்த ரட்ஜ்.

வண்டி ஏன் தயங்குகிறது?

பிரிப்பது எளிது. பூட்டுவதும் பொறுமை இருந்தால் வந்து விடும். பூட்டிய இயந்திரம் கிளம்பத் தயங்கும்போதுதான் உண்மையான பாடம் தொடங்குகிறது.

அந்தக் காலத்து மோட்டார் சைக்கிள் கிளம்புவதற்கு மூன்று காரியங்கள் நடக்க வேண்டும். பெட்ரோல் வர வேண்டும். பிளக்கில் பொறி பறக்க வேண்டும். உள்ளே போன பெட்ரோலும் காற்றும் கசியாமல் நன்றாக அமுக்கப்பட வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் வண்டி இருமும், திணறும், நின்று விடும்.

கைதேர்ந்த மெக்கானிக் என்ன செய்வார்? பெட்ரோல் குழாயைக் கழற்றிப் பார்ப்பார். பெட்ரோல் தாராளமாக வந்தால் அதை விட்டு விடுவார். அடுத்து, பிளக்கைக் கழற்றி எஞ்சின் இரும்பின் மீது வைத்து, எஞ்சினைச் சுழற்றிப் பார்ப்பார். பளிச்சென்று பொறி தெரிந்தால் அதையும் விட்டு விடுவார். மிச்சம் இருப்பது மூன்றாவது. குற்றம் அங்கேதான்.

அரைகுறை மெக்கானிக்கோ மூன்றிலும் ஒரே நேரத்தில் கை வைப்பார். வண்டி கிளம்பினாலும் எதனால் கிளம்பியது என்று அவருக்குத் தெரியாது. மறுநாள் நின்று போனால் திரும்பவும் முதலில் இருந்து தொடங்குவார்!

நூறு ஆண்டுகள் ஆகியும் இதில் மாற்றம் இல்லை. திருப்பூருக்குப் போய்ப் பார்த்தால் தெரியும். பனியன் கம்பெனிகளில் டிசைன் போடுவதும் பில் போடுவதும் இன்று கம்ப்யூட்டரில்தான். முழுப் பெட்டியாக வாங்கினால் விலை அதிகம் என்று, பாகம் பாகமாக வாங்கி வீட்டிலேயே பூட்டி விடும் பிள்ளைகளும் உண்டு.

பூட்டி முடித்துப் பட்டனை அமுக்குகிறான் பையன். விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் இருட்டாகவே இருக்கிறது. ஒரு நிமிடம் ஆகிறது. இரண்டு நிமிடம் ஆகிறது. பணம் கொடுத்த தகப்பனாரின் முகம் மாறுகிறது. கடைக்காரன் ஏமாற்றி விட்டான் என்று வீட்டில் பேச்சு கிளம்புகிறது.

பதற வேண்டியது இல்லை. இங்கேயும் கேள்விகளைப் பிரித்துத்தான் கேட்க வேண்டும். பட்டனை அமுக்கியதில் இருந்து, மதர்போர்டு கம்பெனியின் சின்னம் திரையில் தெரியும் வரை ஒரு பகுதி. சின்னம் தெரிந்ததில் இருந்து, விண்டோஸ் வந்து வேலைக்குத் தயாராகும் வரை இன்னொரு பகுதி. நேரம் எந்தப் பகுதியில் போகிறது?

முதல் பகுதியில் போனால், பெரும்பாலும் பெட்டியின் சமாசாரம். புது வகை ராம் பொருத்திய கம்ப்யூட்டர், முதல் தடவை உயிர் பெறும்போது அந்த ராமைச் சோதித்துத் தனக்கு ஏற்றபடி பழக்கிக் கொள்ளும். அதற்குச் சில நிமிடங்கள்கூட ஆகலாம். அந்த நேரத்தில் அவசரப்பட்டு மின்சாரத்தை நிறுத்தினால், மறுபடியும் முதலில் இருந்து தொடங்கும். ஒரு தடவை பழகி விட்டால் அடுத்த தடவை வேகமாக வரும்.

ஒவ்வொரு தடவையும் இதே தாமதம் என்றால்தான் கை வைக்க வேண்டும். மின்சாரத்தை நிறுத்தி, வயரையும் பிடுங்கி விட்டு, ராம் சரியான இடத்தில் அழுந்தி உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எந்தப் பள்ளத்தில் பொருத்த வேண்டும் என்பது மதர்போர்டோடு வரும் புத்தகத்தில் படம் போட்டிருக்கும். அந்தப் புத்தகத்தை அட்டைப் பெட்டியோடு பரணில் போட்டு விடுகிறவர்களே அதிகம். செருகி வைத்த பென் டிரைவ், கூடுதல் டிஸ்க் முதலியவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து விட்டுப் பார்க்கலாம்.

இரண்டாவது பகுதியில் நேரம் போனால், விண்டோஸ் எதில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். தட்டு சுழலும் பழைய ஹார்டு டிஸ்கில் அதைப் பதிந்து விட்டு, புது எஸ்.எஸ்.டி.யைச் சும்மா வைத்திருப்பவர்களும் உண்டு. எஸ்.எஸ்.டி.யில் சுழலும் தட்டு கிடையாது. அதனால் பல மடங்கு வேகம். கம்ப்யூட்டர் விழிக்கும்போதே கூட்டமாக ஓடி வரும் புரோகிராம்களும் தாமதத்துக்குக் காரணம் ஆகும். டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் என்ற பகுதியைத் திறந்தால், வரிசையாகப் பெயர் தெரியும். பெட்டியின் பங்குக்கு எத்தனை விநாடி போயிற்று என்பதையும் பல கம்ப்யூட்டர்களில் அங்கேயே காணலாம்.

ஒன்றை மாற்று, கிளப்பிப் பார், பிறகு அடுத்ததைத் தொடு. 1912-ம் ஆண்டு ரட்ஜுக்கும் இதே வழிதான்.

திருப்பூரில் லட்சாதிபதி

மெக்கானிக் வேலை பழகிய நாயுடு, திருப்பூருக்கு வந்தார்.

அப்போது திருப்பூரில் பனியன் தொழில் கிடையாது. அது 1925-ம் ஆண்டு வாக்கில்தான் அங்கே தலைகாட்டியது. அதற்கு முன்பு திருப்பூர், பருத்திச் சந்தை ஊர். சுற்று வட்டாரக் கரிசல் காட்டுப் பருத்தி மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். கொட்டையை நீக்கிப் பஞ்சைத் தனியே எடுக்கும் ஜின்னிங் ஆலைகள் அங்கே ஓடின.

நாயுடு அப்படி ஓர் ஆலையை நடத்தினார். முதல் உலகப்போர் நடந்த காலம் அது. பஞ்சுக்கு நல்ல விலை. லட்ச ரூபாய்க்கு மேல் கையில் சேர்ந்தது! ஓட்டல் சர்வர், சில ஆண்டுகளில் லட்சாதிபதி ஆனார்.

அதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. பெரிய அளவில் பஞ்சு வியாபாரம் செய்யப் பம்பாய்க்குப் போனார். அங்கே விலை ஏறும், இறங்கும் என்று பந்தயம் கட்டுவது போன்ற வியாபாரம். போட்ட பணம் எல்லாம் போயிற்று. வெறுங்கையோடு ஊர் திரும்பினார்.

பெரியவர்களின் வாழ்க்கையை எழுதுகிறவர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டி விடுவார்கள். தாண்டக் கூடாது. இயந்திரம் பொய் சொல்லாது. திறந்து பார்த்தால் குற்றம் கண்ணுக்குத் தெரியும். பம்பாய்ச் சந்தையைத் திறந்து பார்க்க எந்த ஸ்பேனரும் இல்லை. நாயுடு தமக்குத் தெரிந்த வித்தையை விட்டு விட்டு, தெரியாத இடத்தில் பணத்தை வைத்தார். பிறகு அவர் அந்தப் பக்கமே போகவில்லை.

பொள்ளாச்சி-பழனி பஸ்

கோவையில் சர் ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயத் தொழில் அதிபர் இருந்தார். நொடித்துப்போன நாயுடுவை நம்பி அவர் கை கொடுத்தார். தவணையில் பணம் கட்டும் ஏற்பாட்டில் நாயுடுவுக்கு ஒரு பஸ் கிடைத்தது.

1920-ம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அந்த பஸ் ஓடத் தொடங்கியது. நடுவிலே உடுமலைப்பேட்டை. (அந்த உடுமலை, 2009-ம் ஆண்டு முதல் திருப்பூர் மாவட்டத்தைச் சேர்ந்தது.) ஓட்டியவர் நாயுடுவேதான்.

பஸ் முதலாளிக்குக் காலை நேரம்தான் பரீட்சை. பழனிக்குப் போகும் பக்தர்கள் மூட்டை முடிச்சோடு ஏறி உட்கார்ந்து விடுவார்கள். அப்போது எஞ்சின் கிளம்ப மறுத்தால் மானம் போகும், வசூலும் போகும். நாயுடுவின் பஸ்கள் நேரம் தவறாமல் போவதற்குப் பெயர் பெற்றவை. பழுது வந்த பிறகு பார்ப்பது என்ற வழக்கம் அவரிடம் இல்லை. எஞ்சினின் அதிர்வைச் சோதிக்கும் கருவி ஒன்றைத் தாமே செய்தார். சத்தமும் நடுக்கமும் காதுக்கும் கைக்கும் தெரிவதற்கு முன்பே, கருவிக்குத் தெரிந்து விடும்.

ஒரு பஸ், பல பஸ் ஆயிற்று. யு.எம்.எஸ். என்ற மூன்று எழுத்து, கோவை ஜில்லா முழுவதும் ஓடியது. யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்பதன் சுருக்கம் அது. பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகளில் இருநூறுக்கும் மேற்பட்ட பஸ்களுக்கு அவர் முதலாளி ஆகி விட்டார்.

மோட்டார் முதல் சவர பிளேடு வரை

1930-களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம் கோவைக்கு வந்தது. மில்கள் பெருகின. கிணற்றில் தண்ணீர் இறைக்கவும் மின்சாரத்தைப் பயன்படுத்தலாம் என்ற நிலை வந்தது. ஆனால், மோட்டார்? அது சீமையில் இருந்து கப்பலில் வர வேண்டும்.

பீளமேட்டில் நாயுடு ஒரு தொழிற்சாலையை நடத்தினார். அங்கே 1937-ம் ஆண்டில், டி.பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து மின்சார மோட்டார் தயாரித்தார். இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின்சார மோட்டார் அதுதான் என்று சொல்லுகிறார்கள். பாலசுந்தரம் பிற்காலத்தில் டெக்ஸ்டூல் கம்பெனியைத் தொடங்கினார். கோவை, மோட்டாருக்கும் பம்புக்கும் பேர் போன ஊர் ஆனதற்கு வித்து அங்கே விழுந்தது.

நாயுடு வெளிநாடுகளுக்குப் போனபோதும் சும்மா இருக்கவில்லை. எதைப் பார்த்தாலும் உள்ளே என்ன இருக்கிறது என்ற அதே கேள்விதான். சிறு பாட்டரியில் ஓடும் சவரக் கருவியைச் செய்தார். ரசந்த் என்ற பெயரில் அது ஜெர்மனியில் தயாரானது. மெல்லிய சவர பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்எண்ணெயில் ஓடும் விசிறி, மோசடி செய்ய முடியாத ஓட்டுப் பதிவு இயந்திரம் என்று வரிசை நீளும். காமிராவிலும் அவருக்குப் பைத்தியம். 1936-ம் ஆண்டில் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைப் படம் பிடித்தவர்களில் அவரும் ஒருவர்.

1941-ம் ஆண்டில், ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று அறிவித்தார். ரேடியோ பெரிய மனிதர்களின் வீட்டுச் சாமானாக இருந்த காலம் அது!

தோட்டத்திலும் அவர் சோதனை செய்தார். பருத்தி, சோளம், பப்பாளி எல்லாம் அவர் கையில் புது விதமாக வளர்ந்தன. சர் சி.வி.ராமன் போன்ற மேதைகள் வந்து பார்த்து வியந்தார்கள்.

கல்லூரி முதல்வர்!

1944-ம் ஆண்டில் பஸ் தொழிலை நேரடியாகக் கவனிப்பதில் இருந்து ஒதுங்கினார். தொழிலாளர்களின் நலனுக்கும் ஆராய்ச்சி மாணவர்களின் உதவித் தொகைக்கும் பணம் ஒதுக்கினார்.

அவர் கொடுத்த நன்கொடையால் கோவையில் ஒரு பாலிடெக்னிக்கும், 1945-ம் ஆண்டில் ஓர் என்ஜினீயரிங் கல்லூரியும் தோன்றின. அன்றைய சென்னை கவர்னர் ஆர்தர் ஹோப்பின் பெயர் அவற்றுக்கு வைக்கப்பட்டது. கல்லூரியின் முதல்வர் யார் தெரியுமா? மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டு ஓடிய நாயுடுவேதான்!

வாத்தியார் மீது மண் வீசியவர், வாத்தியார்களுக்கெல்லாம் தலைவர் ஆனார். வேடிக்கைதான். ஆனால், வேடிக்கை நீடிக்கவில்லை.

என்ஜினீயரிங் படிப்புக்கு நான்கு ஆண்டுகள் எதற்கு என்று அவர் கேட்டார். மாணவன் இயந்திரத்தைத் தொட்டு, பிரித்து, பூட்டிப் படித்தால் இரண்டு ஆண்டுகள் போதும் என்பது அவர் கட்சி. வெள்ளைக்கார அரசாங்கம் ஒப்புக் கொள்ளவில்லை. நாயுடுவும் இறங்கி வரவில்லை. முதல்வர் பதவியை விட்டு விலகினார்.

அவர் சொன்னது முழுவதும் சரி என்று கூறி விட முடியாது. பாலம் கட்டுகிறவனுக்குக் கணக்கும் வேண்டும். அதற்குக் காலமும் வேண்டும். என்றாலும், பட்டம் வாங்கிய பிறகும் ஸ்பேனர் பிடிக்கத் தெரியாத பிள்ளைகளைப் பெற்ற வீடுகளில், நாயுடுவின் கட்சிக்கு இன்றும் ஓட்டு விழும்.

ஓடாத கார்

1952-ம் ஆண்டில் அவர் ஒரு பெட்ரோல் கார் செய்தார். இரண்டு பேர் உட்காரலாம். விலை 2,000 ரூபாய்.

நாடு சுதந்திரம் அடைந்து விட்டது. புதிதாகத் தொழில் தொடங்க அரசாங்கத்தின் லைசென்ஸ் வேண்டும் என்ற சட்டமும் வந்து விட்டது. நாயுடுவின் காருக்கு லைசென்ஸ் கிடைக்கவில்லை. உற்பத்தி நின்றது.

பெட்ரோல் வந்தது. பொறியும் பறந்தது. தடை இருந்த இடம் எஞ்சினுக்கு வெளியே! அதைக் கழற்றிப் பூட்ட நாயுடுவுக்கு வழி தெரியவில்லை. வரிகளும் விதிகளும் தம்மைத் தொழில் செய்ய விடவில்லை என்று அவர் மனம் கசந்தார். தாம் செய்த பொருள்களையே ஊரறிய உடைத்துக் காட்டிய சம்பவமும் நடந்தது. ஆயுள் முழுவதும் உடைந்ததைப் பூட்டியவர், பூட்டியதை உடைத்த நாள் அது. அவர் மீது அன்பு வைத்தவர்களுக்கும் அது பிடிக்கவில்லை.

1967-ம் ஆண்டில், கோவையில் நிரந்தரத் தொழிற்காட்சி ஒன்றை ஏற்படுத்தினார். தாம் செய்தவை, தேசம் தேசமாகத் திரிந்து சேர்த்தவை எல்லாவற்றையும் ஜனங்கள் பார்க்கும்படி வைத்தார். பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள்.

1974-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி நாயுடு காலமானார். அப்போது அவருக்கு வயது 80.

அவர் விலகி வந்த என்ஜினீயரிங் கல்லூரி, பிறகு வேறு இடத்துக்கு மாறியது. அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி என்ற பெயரில் தடாகம் ரோட்டில் நடக்கிறது. ஆனாலும், அவினாசி ரோட்டில் பீளமேட்டுக்கு அருகே பஸ் கண்டக்டர்கள் இன்றும் ஹோப் காலேஜ் என்று குரல் கொடுக்கிறார்கள். இறங்குகிறவர்களில் பலருக்கு அது யார் தொடங்கிய காலேஜ் என்று தெரியாது.

2025-ம் ஆண்டு அக்டோபரில் அந்த ரோட்டின் மீது 10 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மேம்பாலம் திறக்கப்பட்டது. அதற்கு நாயுடுவின் பெயரை வைத்தார்கள். அவினாசிப் பக்கம் இருந்து வரும் திருப்பூர் வண்டிகள் கோல்டுவின்ஸ் அருகே அதில் ஏறி, ஹோப் காலேஜுக்கு மேலாகவே பறந்து, உப்பிலிபாளையத்தில் போய் இறங்குகின்றன.